தொழில் எண் 16021

2025இல் வருமான வரிப் படிவத்தில் புதிதாக ஒரு தொழில் எண் சேர்த்தார்கள். 16021: சமூக ஊடக இன்ஃப்ளுயன்சர். வக்கீல், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற அதே பதினாறாயிரத்து வரிசை. எங்கள் குடும்பக் கணக்கில் என் அக்கா மகள் பவித்ராவுக்கு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்புவரை யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "பி.காம். முடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் அக்கா காபி போட எழுந்து போய்விடுவாள். சர்க்காரே நம்பர் கொடுத்துவிட்டது என்று நான் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. ஒரு லட்சம் சப்ஸ்க்ரைபர் சேர்ந்ததற்காக யூட்யூப் அனுப்பிய வெள்ளிப் பட்டன் வந்த நாளில்கூட அது வரவில்லை. அன்றைக்குப் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெள்ளியா, முலாமா?" என்று மட்டும்தான் கேட்டாள்.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பேரேடு எழுதியே தலை நரைத்தவன். ரிட்டயர் ஆன பிறகு இனி ஒருத்தன் பில்லையும் கையால் தொடுவதில்லை என்று இருந்தேன். பவித்ரா ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றாள்.

"மாமா, கொஞ்சம் கணக்கு மட்டும் பாத்துக் குடுங்க. ஜாலியா இருக்கும்."

கணக்கையும் ஜாலியையும் ஒரே மூச்சில் சொன்ன பார்ட்டி என் சர்வீசில் அவள் ஒருத்திதான். அவள் தொழிலைப் பற்றி அதுவரை எனக்கிருந்த ஞானம் சுருக்கமானது. முகம் கழுவ வேண்டும், நல்ல சேலை கட்ட வேண்டும், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்ட வேண்டும். கம்பெனிக்காரன் பணம் அனுப்புவான். பையைக் கவிழ்த்தேன். ஒப்பந்தம், கூரியர் ரசீது, ஜி.எஸ்.டி. பற்றிய ஒரு கவலைக் குறிப்பு, அமெரிக்க வரிப் படிவத்தின் நகல், "பேமெண்ட் எப்ப வரும் சார்?" என்ற கடிதங்களின் பிரிண்ட் அவுட். முகம் என்பது இந்தத் தொழிலின் மேலட்டைதான். பிரித்தால் உள்ளே முழுக்கக் காகிதம்.

அந்த முகமும் இஷ்டத்துக்குப் பேச முடியாது என்பது பிறகு தெரிந்தது. முன்பெல்லாம் "வணக்கம் மக்களே" என்றுதான் வீடியோவை ஆரம்பிப்பாள். எந்த வினாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று யூட்யூப்காரன் கோடு போட்டுக் காட்டுகிறான். அந்தக் கோட்டை எனக்குக் காட்டினாள். வணக்கத்தில் "வ" வரும்போதே கோடு சறுக்குகிறது, "மக்களே" வரும்போது மக்கள் இல்லை. "மூணு செகண்டுக்குள்ள பிடிச்சு நிறுத்தணும் மாமா. அதுக்குப் பேருதான் ஹூக்." ஆகவே இப்போது வீடியோ பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது: "இதை மட்டும் சாம்பார்ல போட்றாதீங்க!" எதை என்பது கடைசியில்தான் வரும். பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லு என்று சொல்லி வளர்த்த பிள்ளை. இன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே, "பேங்க்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டா ஷாக் ஆயிடுவீங்க" என்றபடிதான் உள்ளே வருகிறாள். கேட்டால், பாஸ்புக் என்ட்ரி போடும் மெஷின் ரிப்பேர்.

ஆரம்பத்தில் டிக்டாக்கில்தான் இருந்தாள். உறையூர்க் கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போடுவது, மடிப்பு வைப்பது, வெயில் காலத்துக்கு எது ஏற்றது என்பது பற்றியெல்லாம் சின்னச் சின்னதாகப் பேசிக் கூட்டம் சேர்த்து வைத்திருந்தாள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. ஓர் இரவில் கூட்டமும் இல்லை, திடலும் இல்லை. வேறு எந்த வியாபாரிக்கு இப்படி நேர்ந்திருந்தாலும் சங்கம் கூடியிருக்கும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுத்திருப்பார்கள். இவள் ஒரு மணி நேரம் அழுதாள். கண் சிவப்பு இறங்குவதற்குள் அதையே ஒரு வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. அங்கே அவள் போட்ட முதல் சரக்கு அந்த அழுகைதான். நன்றாக ஓடியதாம்.

யூட்யூப் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு, ஏனென்றால் அதில் மனித சுபாவம் அடங்கியிருக்கிறது. விளம்பரத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்க்ரைபர் வேண்டும். 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் சுலபம். ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, போதும்; பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் போனை வாங்கி அக்காவே அமுக்கிவிட்டாள். 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். ஆளுக்கு இரண்டு நிமிஷம் பார்த்தாலும் 1,20,000 தடவை. சொந்தக்காரன் அமுக்குவான், பார்க்க மாட்டான். அக்கா ராத்திரி படுக்கும்போது மகளின் வீடியோவை ஓடவிட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்தாள். "அப்படியெல்லாம் பண்ணா சேனலையே தூக்கிடுவாங்கம்மா" என்று பவித்ரா போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு கடிதம் போடும். மின்னஞ்சல் இல்லை, நிஜத் தபால். உலகத்துத் தெருக்களையெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிற கம்பெனிக்கு, பவித்ரா இந்த விலாசத்தில்தான் இருக்கிறாளா என்பது நம் தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பிறகுதான் உறுதியாகிறது. கடிதத்துக்குள் ஒரு ரகசிய எண். அதை எழுதி அனுப்பினால்தான் மேற்கொண்டு பேச்சு. அக்கா அதை ஏதோ சீட்டுக் கம்பெனி விளம்பரம் என்று எண்ணி, மொட்டை மாடியில் மோர்மிளகாய்க்கு அடியில் விரித்துவிட்டாள். எண் அழியவில்லை, உப்புப் பூத்திருந்தது. அதற்கப்புறம் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். விளம்பர வருமானத்தில் வீடியோ போட்டவருக்கு 55 சதவீதம், மீதி யூட்யூபுக்கு. இதில் ஒரு கிளைக்கதை: நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாமி பவித்ராவின் வற்றக்குழம்பைப் பார்த்தால், அந்தப் பார்வையில் வந்த வருமானத்தில் அமெரிக்க அரசு 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. படிவம் சரியாக நிரப்பியிருந்தால் 15. இல்லாவிட்டால் இன்னும் கூடுதல். சுண்டைக்காயில் வாஷிங்டனுக்குப் பங்கு போகிறது என்றதும் அக்கா, "அவன் வத்தல் காயப்போட்டானா?" என்றாள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

எங்கள் வட்டாரத்தில் யூட்யூப் என்று பேச்சு வந்தால் உடனே புதுக்கோட்டைப் பக்கம் போய்விடும். சின்னவீரமங்கலத்துப் பெரியதம்பி தாத்தாவும் பேரன்மார்களும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல்; 2018இல் தொடங்கி, 2021 ஜனவரியில் ராகுல் காந்தியை வரவழைத்துக் காளான் பிரியாணி போட்டு, அதே வருஷம் ஒரு கோடி சப்ஸ்க்ரைபரைத் தாண்டியவர்கள். "அந்தத் தாத்தாவுக்கு முடியுது, ஒனக்கு முடியலையா?" என்பது அக்காவின் தினசரி வசனம். தாத்தா கல்யாண சமையல் செய்து பழகிய கை என்பதும், மகள் ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது என்று போன் பண்ணிக் கேட்கிறவள் என்பதும் அக்காவுக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்து, பார்ட்டர் என்று ஒன்று. கம்பெனிக்காரன் பணம் தர மாட்டான், பொருள் தருவான். நாம் அதைப் பற்றி வீடியோ போட வேண்டும். பவித்ராவின் அறையில் கூந்தல் எண்ணெய், முகத்துக்கு வைட்டமின், கால் பிடித்துவிடும் மெஷின், ஒரே மாதிரி மூன்று தண்ணீர் பாட்டில் என்று நவராத்திரிக் கொலு வைக்குமளவு சேர்ந்திருந்தது. சும்மா வந்ததுதானே என்று சும்மா இருக்க முடியாது. 2022 ஜூலையில் 194ஆர் என்று ஒரு பிரிவு வந்தது: தொழில் நிமித்தமாக ஒரே இடத்திலிருந்து வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாக வாங்கினால், மதிப்பில் 10 சதவீதம் வரி கட்டியாக வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வரி இல்லை. ஒரு கம்பெனி 35,000 ரூபாய் போனை அனுப்பி, அதற்கு 3,500 ரூபாய் வரி கட்டிய செலானையும் கேட்டது. அவள் கையில் அப்போது இருந்த ரொக்கம் அதைவிடக் குறைவு. அறை நிறையச் சாமான். பெட்ரோலுக்கு அம்மாவிடம் கை நீட்டல். போனை அன்பாக மூன்று கோணத்தில் படம் எடுத்துவிட்டு, அழகாகத் திருப்பிக் கட்டி அனுப்பிவைத்தோம். அதைப் புகழ்ந்து பேசிய வீடியோவை அவள் தன் பழைய போனில்தான் எடுத்தாள்.

பணம் தரும் விளம்பரம் வராமல் இல்லை. அப்படி வந்த ஒரு சாம்பார்ப் பொடி விளம்பரத்தை ஆதியோடந்தமாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். பொடியின் மேல் எனக்கு விரோதமில்லை. முப்பது வினாடி ரீல். அவர்கள் அனுப்பிய குறிப்பின் முதல் வரி: எல்லாம் வீட்டில் தற்செயலாக நடப்பதாகத் தெரிய வேண்டும். அதற்கப்புறம் அந்தத் தற்செயலுக்கான விதிமுறைகள் பக்கம் பக்கமாக. பாக்கெட் இடது கையில், பெயர் கேமராவைப் பார்க்க வேண்டும். பெயரை மூன்று தடவை உச்சரிக்க வேண்டும். முதல் தடவை ஐந்து வினாடிக்குள். பின்னால் வேறு கம்பெனிச் சாமான் எதுவும் தெரியக் கூடாது. குடும்ப உறுப்பினர் ஒருவர் ருசித்துவிட்டு வியப்படைய வேண்டும். வியப்படையும் உறுப்பினராக அத்தான் நியமிக்கப்பட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து வியந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சிக்கல் அடுப்படியில் தொடங்கியது. அக்கா மிளகாயும் மல்லியும் தானே வறுத்து மிஷினில் அரைத்து வைத்துக்கொள்கிறவள். தன் அடுப்பில் பாக்கெட் பொடி ஏறுவதை அவளால் தாங்க முடியவில்லை. "நம்ம பொடியவே போட்றலாம். பாக்கெட்டக் கையில மட்டும் புடிச்சுக்கட்டும். சாம்பாராவது சாம்பாரா இருக்கும்ல?" இங்கே நான் குறுக்கே விழ வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளுயன்சர்களுக்கென்றே வழிகாட்டி போட்டிருக்கிறது. தான் பயன்படுத்திப் பார்க்காத பொருளைச் சிபாரிசு செய்யக் கூடாது. தவறான விளம்பரம் என்று தீர்ந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு 10 லட்சம் வரை அபராதம், அடுத்த தடவை 50 லட்சம் வரை. அக்கா தன் பொடி டப்பாவை மூடி, மேல்தட்டில் ஏற்றி, என்னைப் பார்த்தபடியே கையைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திரை மாதத் திருச்சி. மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை அணைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். ரிங் லைட்டைப் போட்டார்கள். நான் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை அவள் கன்னத்துக்குத் திருப்பி அனுப்பும் உத்தியோகத்தில் இருந்தேன். சாம்பாரிலிருந்து ஆவி எழும்ப வேண்டும். ஆவி வரும்போது பவித்ரா பேச்சை மறப்பாள். பேச்சு சரியாக வரும்போது சாம்பார் ஆறியிருக்கும். இரண்டும் கூடி வந்த ஒரே தடவை தெருவில் "பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர்" என்று ஸ்பீக்கர் கட்டிய வண்டி நின்று நிதானமாகப் போயிற்று. எவர்சில்வர் கரண்டியின் குழியில் நாங்கள் எல்லோருமே தெரிந்தோம், தெர்மாகோல் உட்பட. கரண்டியை மாற்றினார்கள். அத்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் சாப்பிட்டார், புருவத்தைத் தூக்கினார். எல்லாம் கச்சிதமாக அமைந்த கடைசித் தடவை, புருவத்தைத் தூக்கி, தலையை ஆட்டி, முழு மனதோடு, "உப்பு கம்மி" என்றார்.

அனுப்பினோம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: வீடியோ அருமை, சின்னச் சின்ன மாற்றம் மட்டும். சாம்பார் இன்னும் சிவப்பாக இருக்கலாம். பருப்பு இவ்வளவு தெரிய வேண்டாம். அப்பாவின் வியப்பு சற்று மிகை, நம்பும்படியாக இல்லை. மூன்றாவது குறிப்பைப் படித்துக் காட்டியபோது அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுபடியும் சாம்பார். அந்த வாரம் காலையில் இட்லிக்கு அதே சாம்பார், மத்தியானம் சோற்றுக்கு அதே சாம்பார், ராத்திரி தோசைக்கும் அதே. வெள்ளிக்கிழமை கோயிலில் தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். ஒரு வாய் போட்டதும் அத்தான் முகத்தில் வந்தது பாருங்கள், அதுதான் அசல் வியப்பு. படம் பிடிக்க யாரும் இல்லை.

இதற்குப் பிறகும் ஓர் இழுபறி. ரீலில் இது விளம்பரம் என்று பளிச்சென்று போட வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 ஜூனிலிருந்தே கேட்கிற விஷயம் இது. கம்பெனியோ, யாரும் காசு கொடுத்துப் பேச வைத்ததாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் காசு கொடுத்திருக்கிறது. "எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக, ஓரமாக?" என்று கெஞ்சினார்கள். பெரிதாகவே போடச் சொன்னேன். ஆனால் போட்ட பிறகு கவனித்ததில் அதைப் பற்றி ஒரு ஜீவனும் கவலைப்படவில்லை. கீழே குவிந்த கருத்துகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அக்கா, பின்னாடி இருக்கற பித்தளை அஞ்சறைப்பெட்டி எங்க வாங்குனீங்க?" அது அக்காவுக்குச் சீராக வந்தது. சாம்பார்ப் பொடியைப் பற்றி ஒரே ஒருவர் கேட்டிருந்தார். அவர் கம்பெனியின் ஊழியர் என்று பவித்ரா சொன்னாள். கருத்து எண்ணிக்கை நன்றாக இருப்பதாகக் கம்பெனிக்குப் பரம திருப்தி.

திருப்தி வந்தது, பணம் வரவில்லை. திரையில் சிரிக்கிற நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் இந்தப் பிள்ளைகள் பாக்கி வசூலில் செலவழிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சி, ஏஜென்சியைக் கேட்டால் அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட்ஸைக் கேட்டால் கேன்சல் செய்த செக் ஒன்று அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால், அது கருப்பு மையில் இருந்ததா நீல மையிலா? பவித்ரா எழுதிய நினைவூட்டல்களைப் பார்த்தேன். "ஹாய்! ஹோப் யூ ஆர் டூயிங் கிரேட்" என்று ஆரம்பித்துச் சிரிப்புப் பொம்மை வைத்து முடித்திருந்தாள். வசூல் கடிதத்தில் சிரிப்புப் பொம்மையைப் பார்த்ததும் என் சர்வீஸ் ரத்தம் கொதித்தது.

அவளை உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யவைத்தேன். இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். பிறகு அடுத்த வேலை ஒன்றுக்கு வந்த பாக்கிக்கு நானே கடிதம் எழுதினேன். பொம்மை இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி, வருமான வரிச் சட்டம் 43பி(எச்)படி அந்தத் தொகையை உங்கள் செலவுக் கணக்கில் அந்த வருஷம் காட்டவும் முடியாது, இப்படிக்கு. கடைசி விஷயம்தான் மருந்து. வட்டிக்கு அசராத அக்கவுண்டண்ட், செலவுக் கணக்கு அடிபடும் என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். எனக்குத் தெரியாதா? பணம் வந்தது. "டியர் சார்" என்று தொடங்கும் ஒரு மன்னிப்பும் கூட வந்தது. அவளை அதுவரை அவர்கள் அழைத்துக்கொண்டிருந்தது "டியர்" என்று மட்டும்.

செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ரிங் லைட் முகங்கள் கட்டைப்பையோடு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. பரோட்டாக் கடைகளை விமர்சிக்கிற பையன் வருகிறான், வயிற்றுக்கு ஆகாமல் எங்கள் வீட்டில் மோர் மட்டும் குடிக்கிறான். நகைச்சுவை ரீல் போடுகிறவன் ஒருவன். மூன்று கம்பெனி பாக்கி, முகத்தில் ஈயாடவில்லை. தினமும் காலையில் தன்னம்பிக்கை பேசும் பெண் ஒருத்தி, "சார், கேட்டா அடுத்த வேலை குடுக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு" என்று நகம் கடிக்கிறாள். ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன்.

என் பீஸ் என்ன என்று கேட்டுப் பவித்ராவே ஒரு ரேட் கார்டு போட்டாள். ரொக்கம் அவர்களிடம் இல்லாததால் பார்ட்டர்தான். போன வாரம் கால் பிடித்துவிடும் மெஷின் வந்து சேர்ந்தது. காலை உள்ளே விடுவதற்கு முன் பில்லை வாங்கிப் பார்த்தேன். 20,000க்குள்தான் இருக்கிறது.